மாலையின் கடைசி வடை

உளுந்தை அளவுக்கு மேல் ஊறவிட்டால் வடை எண்ணெய் குடிக்கும். லாசால் என்கிற இந்த வெளிநாட்டு ஊரில், எங்கள் கட்டடத்திலுள்ள தமிழ் வீடுகளில் இந்தப் பாலாம்பிகையின் வடை என்றால் ஒரு மதிப்பு உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் கையில் பிழை வராது என்று எல்லாரும் நம்பியதால்தான், என் மகள் சாம்பவியும் எதுவும் கேட்காமல் எடுத்தாள்.

அவளுடைய அப்பா கிருபானந்தன் மெட்ரோ ரயிலில், அவள் தோளில் சாய்ந்தபடியே உயிரை விட்டார். நித்திரை என்று நினைத்து அவள் எழுப்பாமல் விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சனக்கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு மூச்சு முட்டும், விரல்கள் விறைக்கும். அதற்குப் பிறகு நான்தான் அவளுக்குத் துணை. பஸ்ஸில் என் கையைப் பிடித்திருப்பாள், கடையிலும் பிடித்திருப்பாள். பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடியும்வரை நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பேன். பனி கொட்டினாலும் முகம் சுளித்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மனிதரோடு குடித்தனம் நடத்திய காலத்தைவிட இந்தக் காலத்தில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு வைத்தியர் அவளை நாய் வளர்க்கச் சொன்னார். பெற்றவள் கல்லுப்போல உயிரோடு இருக்க, பிள்ளைக்கு நாயைத் துணை சேர்க்கிற ஊர் இது. கபில நிறத்தில், ஒரு பைக்குள் அடங்குகிற குட்டி நாய். கரமெல் என்று பெயர் வைத்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கடை வைரவற்றை வாகனம் அம்மா இது. வீடு தேடி வந்ததை வேண்டாமெண்டு சொல்லுவியளே?" என்றாள் சாம்பவி.

வைரவர் எங்கள் குலதெய்வம். வெள்ளிக்கிழமைகளில் அவர் படத்துக்கு வடைமாலை சாத்துவேன். பூசை முடிந்ததும் மாலையின் கடைசி வடையைக் கழற்றி, வாகனத்துக்கு என்று தன் கையால் ஊட்டுவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள்.

"வெங்காயம் மட்டும் இதுக்குக் குடுக்கக் கூடாது அம்மா. நஞ்சு. ரத்தத்தையே பழுதாக்கிப் போடும்."

"சாமிக்குப் படைக்கிறதிலை ஆர் பிள்ளை வெங்காயம் போடுறது?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று நான் உண்மையாகத்தான் சிரித்தேன்.

நாய் கெட்டித்தனமானதுதான், பொய் சொல்லக்கூடாது. அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் பைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவள் விரல்களை நக்கும். அவளும் அடங்கிவிடுவாள். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய், மெட்ரோவில் அதே பெட்டியின் அடுத்த கோடியில் நின்று பார்த்தேன். அப்பா செத்த அதே பாதையில், நாயைக் கொஞ்ச வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு போனாள். என்னைத் தேடி ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள், "இனி நீங்கள் என்னோடை இழுபடத் தேவையில்லை அம்மா. கரமெல் இருக்கிறான்."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வன்கூவரில் வேலை கிடைத்தது. விமானத்தில் நாயைப் பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளலாமாம். "அவன் காலடியிலை இருந்தா நான் எங்கையும் போவன்" என்றாள். பயணம் நல்லபடி அமைய, போகும் நாள்வரை தினமும் வைரவருக்கு வடைமாலை சாத்துவதாக நேர்ந்திருக்கிறேன் என்றேன். அவள் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

தினமும் கடைசி வடையை மட்டும் வேறாகத் தட்டினேன். மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக, வெங்காயத்தை மை போல அரைத்துச் சேர்த்து, மணம் தெரியாமலிருக்க மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. மற்ற வடைகள் எல்லாம் சுத்தம். சாமி காரியத்தில் நான் பிசகுவதில்லை.

முதலில் நாய் படியேற மறுத்தது. பிறகு அதன் பல் முரசு வெளிறியது. மிருக வைத்தியர் பிரெஞ்சில் என்னவோ கேட்டார். நான் வாய் திறக்க முன்னரே சாம்பவி அவருக்குப் பதில் சொல்லிவிட்டாள். வெளியே வந்துதான் எனக்குச் சொன்னாள்: "வெங்காயம் சாப்பிட்டதோ எண்டு கேட்டவர் அம்மா. நாங்கள் சாமிக்குப் படைச்சதைத்தான் குடுக்கிறனாங்கள், அதிலை வெங்காயமே இராது எண்டு சொன்னனான்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் அது அவள் மடியில் செத்தது. கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியடியில் தான்தான் அதை எதையோ தின்ன விட்டுவிட்டதாக அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "நான்தான் கவனிக்காமல் விட்டனான் அம்மா. அப்பாவையும் அப்பிடித்தான் விட்டனான்" என்று அழுதாள். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

கரமெலைக் கொன்றது நான். ஊட்டியது அவள் கை, அவ்வளவுதான் வித்தியாசம். அதை அவளிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் பிள்ளை தாங்கமாட்டாள்.

வன்கூவர் வேலை கைவிட்டுப் போனது. இப்போது கீழே இருக்கிற தெப்பனர் சில்லறைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டாள். சோறு குழைத்து நான்தான் வாயில் தீத்துகிறேன். நித்திரையிலும் என் கையை விடுவதில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

இன்னொரு நாய் வாங்கினால் தேறுவாள் என்று வைத்தியர் சொல்கிறார். அவள் தலையாட்டவில்லை. நான்தான் தேற்றி, சம்மதிக்க வைத்திருக்கிறேன். பிள்ளை சுகமாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன ஆசை. நாளை வெள்ளிக்கிழமை, புது நாய் வருகிறது. உளுந்து ஊறப் போட வேண்டும்.