பெரனீஸின் உள்கைப்பிடி

சனிக்கிழமை எங்கள் ரசிகர் மன்றக் கூட்டத்தின் மதியச் சாப்பாட்டுக்கு நான் உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுபோயிருந்தேன். கடுகு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் பாத்திரம் காலியாகிவிட்டது. ஜோலீன் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். அவளோடு என்ன பகை, என்ன பகை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். பகை இருந்தால் ஒருத்தி என் சாலட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாளா? எங்களுக்குள் இருந்தது கருத்து வேறுபாடு. அதுவும் ஒரு கதவுக் கைப்பிடியைப் பற்றி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. பாலாடைக்கட்டி மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு, கொட்டும் பனியில் சட்டையில்லாமல் நின்று கால்பந்து பார்க்கிறவர்கள் இந்த விஸ்கான்சினில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் யாரும் விசாரிப்பதில்லை.

'பெரனீஸ்' என்பது நான் சிறுவனாக இருந்தபோது வந்த தொலைக்காட்சித் தொடர். அதில் வரும் விண்கப்பலின் பெயரும் அதுதான். மூன்று பருவம் ஓடி நின்றுபோனது. கடைசிப் பருவத்தில், லெப்டினன்ட் ஓர்சா என்ற பெண் அதிகாரி காற்றடைப்பு அறைக்குள் சிக்கிக்கொள்கிறாள். அது கப்பலுக்கும் விண்வெளிக்கும் நடுவே இருக்கும் சின்ன அறை. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அறைக்குள் நச்சுப்புகை; கப்பல் பக்கம் நிற்பவர்கள் கதவைத் திறந்தால் அது கப்பல் முழுக்கப் பரவிவிடும். அவள் கதவை மூன்று முறை தட்டுகிறாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிடுகிறாள். புகை அவள் முகத்தை மூடுகிறது. அவ்வளவுதான் காட்சி. அன்று நான் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவளால் வெளியே வர முடியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் ஓய்வுபெற்றவன் நான். ஆனால் எங்கள் ரசிகர் மன்றத்தில் என்னை யாரும் அப்படித் தெரிந்துவைத்திருக்கவில்லை. அங்கே சந்தேகம் என்று வந்தால் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். எந்தத் தளத்தில் எத்தனை படுக்கை, எந்த அத்தியாயத்தில் விளக்கு நீலம், எதில் பச்சை, எல்லாவற்றுக்கும். மன்றத் தலைவர் லைல் பிக்கெட் வாதம் முற்றும்போதெல்லாம் கையைத் தூக்கி, "நார்பர்ட்ட கேளுங்கப்பா, முடிஞ்சுது" என்பார். முடிந்தும்விடும். வேறு எங்கேயும் என் பேச்சுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. என் வீட்டில்கூட.

போன வருஷம் தொடரைப் புதிதாக எடுத்தார்கள். புதுக் கப்பலில் அந்தக் கதவை நெருக்கத்தில் காட்டினார்கள். உள்பக்கம் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது.

புதியதை எடுத்தவர்களின் அவசரப் பிழை என்று நான் தீர்ப்பு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஜோலீனைத் தவிர. ஜோலீன் ஓஸ்ட்ரோ மருத்துவமனை நர்ஸ்; மன்றத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வாய் ஓயாது. என்னைப் பெருசு என்றுதான் கூப்பிடுவாள்.

"பெருசு, பிழை இல்ல அது. பழைய கப்பல்லயும் கைப்பிடி இருந்திருக்கு. கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, அவ்வளவுதான்."

"திரையில வராதது கிடையாது" என்றேன். அது மன்றத்தின் முதல் விதி.

"இல்லன்னும் திரையில வரலையே. யோசிச்சுப் பாருங்க. கைப்பிடி கைக்கெட்டற தூரத்துல இருக்கு. திருகினா இவ பொழச்சுக்குவா, கப்பல்ல இருக்கறவங்க செத்துருவாங்க. அதான் அவ தட்டறத நிறுத்திட்டா. சிக்கிக்கிட்டு சாகல பெருசு. வரமாட்டேன்னு முடிவு பண்ணி நின்னா."

லைல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் சொன்னதில் அழகு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் நிலையையும் பாருங்கள். முடியாமல் போனவளுக்காக நான் ஐம்பது வருஷம் துக்கம் சுமந்திருந்தேன். அவளால் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்க முடியும் என்று ஒரு சின்னப் பெண் வந்து சொல்கிறாள். அதைக் கேட்டு மற்றவர்கள் கண் கலங்குகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

மன்றம் வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டடம் முன்பு இறைச்சிக் கடை. பின்னால் ஆள் நுழையும் அளவு குளிரறை ஒன்று உண்டு. குளிரூட்டும் இயந்திரம் நிறுத்திக் கிடந்த அந்த அறையைத்தான் பெரனீஸின் காற்றடைப்பு அறையாக அலங்கரித்திருந்தோம். கனத்த கதவு, அதில் கையகல ஜன்னல், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த மாதிரி அறைகளில் ஒரு விடுவிப்புக் குமிழ் இருக்கும்; வெளியே தாழிட்டிருந்தாலும் அதைத் திருகினால் கதவு திறந்துவிடும். அதை நான் பல வருஷமாகச் சாம்பல் அட்டையால் மறைத்துவைத்திருந்தேன். ஜோலீன் அட்டையைக் கிழித்துவிட்டு, குமிழின் மேல் சிவப்புக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினாள்.

"நெஜமாவே ஆபத்து பெருசு. ஒரு நாள் யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?" என்றாள். நர்ஸ் அல்லவா.

ஆண்டுக் கூட்டத்தில் ஓர்சாவின் காட்சியை நடித்துக்காட்டுவது எங்கள் வழக்கம். காட்சி நடக்கும்போது யாரும் பேசக்கூடாது, கதவைத் தொடக்கூடாது. முடிந்தது என்று நான் சொல்லித் தாழைத் திறப்பேன். அந்தப் பொறுப்பு எப்போதும் என்னுடையது. இந்த முறை ஓர்சா, ஜோலீன். காட்சியின் முடிவில் கைப்பிடியைப் பிடித்து, யோசித்து, கையை எடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். பிறகு அவளே அதைத் திருகி வெளியே வருவாள். அதன்பின் வாக்கெடுப்பு: கைப்பிடி உண்டா, இல்லையா. அவள் பக்கம்தான் ஜெயிக்கும் என்று சாலட் பரிமாறும்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான் செய்தது சிறிய திருத்தம். எல்லாரும் இனிப்பு எடுக்கப் போனபோது உள்ளே போய்க் கைப்பிடியைக் கழற்றினேன். குமிழையும் கழற்றினேன். துளையின் மேல் பழைய சாம்பல் அட்டையை ஒட்டினேன். அசலில் இருப்பதுபோல.

அடுத்தது புகை. டிரை ஐஸ் என்கிற உலர்பனிக்கட்டியை வெந்நீரில் போட்டுப் புகை வரவைப்போம். ஜோலீன் ஒரு கிண்ணம் போதும் என்று சொல்லி, கதவோரமாக வைக்கச் சொல்லியிருந்தாள். ஆனால் அசலில் புகை முகத்தை மூடும். ஒரு கிண்ணத்துக்கு முழங்கால்கூட மறையாது. பையில் மிச்சம் இருந்தது முழுவதையும் அலங்காரப் பெட்டிகளுக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றி வைத்த தொட்டியில் கொட்டினேன். மூச்சை அடைத்துவிடும், மூடிய அறையில் பயன்படுத்தக் கூடாது என்று பையின் மேல் அச்சடித்திருந்தது. படித்தேனா என்று கேட்டீர்கள். எதையும் விடாமல் படிக்கிறவன் நான்.

அவள் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "தோத்தா பீர் உங்க செலவு" என்றாள். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும்தான். கைப்பிடி அங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் எதற்காக அதைப் பார்க்கப் போகிறாள்? நான் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

மூன்று முறை தட்டினாள். நிறுத்தினாள். ஜன்னலில் புகை ஏறியது. அவள் கை கதவின் மேல் நகர்வது நிழலாகத் தெரிந்தது. தேடியது. மறுபடி தேடியது. அந்தக் கணத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. கைப்பிடி இல்லை என்பதை இப்போது அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள்.

பிறகு அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். இரண்டு கையாலும். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அருமையாக நடிக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, எங்கள் ஆட்கள் விதியை மீறாதவர்கள். அவள் ஏதோ கத்தினாள். கதவு கனமானது. அருகில் நின்ற எனக்கு மட்டும் புரிந்தது. பெருசு என்று அல்ல, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

லைல் என் காதருகே குனிந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"நார்பர்ட், இவ்வளவு நேரம் தட்டறது அசல்ல இருக்கா?"

என் கை தாழின் மேல்தான் இருந்தது.

"இருக்கு" என்றேன். "வெட்டாத நீளப் பிரதியில. நீ பாத்திருக்க மாட்ட."

லைல் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து நின்றார். நார்பர்ட்டைக் கேட்டாயிற்று, முடிந்தது. தட்டுவது மெதுவாகி, இடைவெளி விட்டு, நின்றுபோனது. காட்சி முடிகிறவரை நான் காத்திருந்தேன். அதற்குப் பிறகும் காத்திருந்தேன். அவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திறந்தேன்.

ஆக, கைப்பிடியைக் கழற்றியதும் நான்தான், பனிக்கட்டியைக் கொட்டியதும் நான்தான். அவள் கூப்பிட்டது கேட்டும் திறக்காதவனும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அந்த மூன்றுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது, சொல்லிவிட்டேன். ஒன்றுதான் மனதை அறுக்கிறது, இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. லைலை நீங்கள் பார்ப்பீர்கள் அல்லவா, அவரிடம் சொல்லிவிடுங்கள்: நீளப் பிரதி என்று எதுவும் கிடையாது. ஓர்சா மூன்று முறைதான் தட்டுகிறாள். அந்தக் கப்பலைப் பற்றி நான் இதுவரை யாருக்கும் தப்பாகச் சொன்னதே இல்லை.