தரையில் வைத்த கிண்ணம்

எனக்கு நாய்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர், சாமி. அதனால் கிழவர் பெரெங்கேர் செத்ததற்கு நாயைக் குறை சொல்லாதீர்கள். பாவம், அது வாயில்லா ஜீவன்.

அவர் எங்கள் சபையில் இந்த மடத்துக்குத் தலைவராக இருந்தவர். நான் கோசெல்ம், அவருக்குக் கீழே குதிரை லாயம் பார்த்த சகோதரன். எருசலேமுக்குப் போகிற யாத்திரிகர்களைக் காப்பதற்காக நாலு ஏழை வீரர்கள் தொடங்கிய சபை அது. பிறகு கோட்டை என்ன, திராட்சைத் தோட்டம் என்ன, பிரபுக்கள் வாசலில் காத்து நின்றது என்ன, கொடிகட்டிப் பறந்தோம். கீழைக் கடற்கரையில் கடைசிக் கோட்டையும் கைவிட்டுப் போனதும், இவர்கள் எதற்கு என்று ஊர் கேட்கத் தொடங்கியது. ஒரு விடியற்காலையில் ராஜாவின் ஆட்கள் வந்து எல்லோரையும் அள்ளிப் பிடித்தார்கள். சிலுவையில் துப்பினோம் என்று குற்றச்சாட்டு. நான் அன்றைக்கே ஆமாம் என்றேன். துப்பவில்லைதான், ஆனால் எனக்கு என் உடம்பு முக்கியம். இந்த மடத்தையே சிறையாக்கி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

பெரெங்கேரும் ஆமாம் என்றார், உள்ளங்காலில் நெருப்பு வைத்த பிறகு. அப்புறம் அது பொய் என்று மறுத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் விசாரிக்க வரும் ஆயர்கள் முன்னால் சபைக்காகப் பேசுவதாக இருந்தார். பக்கத்து அறைகளில் கிடந்தவர்கள் அவர் வாயைத்தான் நம்பியிருந்தார்கள். அவர் பேசினால் நான் பொய்யன் ஆவேன் என்பது உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் முன்னால் மண்டியிட்டார். எங்கள் வழக்கம் அது. தப்புச் செய்தவன் சகோதரர்கள் முன் மண்டியிட்டுச் சொல்ல வேண்டும், அவர்கள் தண்டனை கொடுக்க வேண்டும்.

"வலி தாங்காம சபை மேலயே பொய் சொல்லிட்டேன், தம்பி. இந்தக் கதவைத் தாண்டி உள்ள வர்றவங்கள்ல நம்ம சபை அங்கி போட்டிருந்தவன் நீ ஒருத்தன்தான். தண்டனை குடு."

"நான் சபைய விட்டு வந்தவன்யா."

"நீ விட்டாலும் அது உன்னை விடாதுடா. குடு."

முன்பு எனக்கு அவர் கொடுத்ததையே அவருக்குக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாய் வந்து கிண்ணத்தில் வாய் வைத்தால் விரட்டக் கூடாது. கொடுத்தவன் நீக்கும்வரை தண்டனை நீங்காது. தங்கை பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்று, கேட்காமல் மடத்துக் கோவேறு கழுதையில் அவனை வைத்தியரிடம் கொண்டுபோனதற்காக நான் ஒரு வருஷம் அப்படித் தின்றேன். பிள்ளையும் பிழைக்கவில்லை. "சபை விதி விதிதான், கோசெல்ம்," என்றார் அன்றைக்கு. மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வேளாவேளைக்கு அவருக்குக் கிண்ணம் நிறைய அவரைப்பருப்புக் கஞ்சியும் ரொட்டியும் வைத்தேன். கூடவே லாயத்து நாயையும் உள்ளே விட்டேன். அவர் இரண்டு வாய் எடுப்பதற்குள் அது கிண்ணத்தைத் துடைத்துவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார்.

பக்கத்து அறையிலிருந்து ஒருவன் கத்துவான். "அடப்பாவி, அந்த நாயப் புடிச்சுக் கட்டேன்டா. மனுசன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு."

"அவரே கேட்டு வாங்கிக்கிட்டதுடா. உனக்கு என்ன நோகுது?" என்பேன்.

ஒருநாள் பெரெங்கேரே கேட்டார். குரல் எழும்பவில்லை. "தம்பி, போதுமா?"

"இன்னும் இல்லீங்க."

"சரி," என்றார். நாயின் முதுகைத் தடவிக் கொடுத்தார். அது தின்றுகொண்டே வாலை ஆட்டியது. பெரிய வெள்ளிக்கு முன்பே அவர் போய்விட்டார். ஆயர்கள் முன்னால் யாரும் பேசவில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், சாமி. அவர் மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அவரைப் பட்டினி போடவும் இல்லை. நான் பட்டினி போட்டது அந்த நாயை மட்டும்தான். நாய்க்குத் தனியாகத் தீனி வைக்க வேண்டும் என்று எங்கள் விதியில் எங்கேயும் இல்லை.