ஒத்திகைக்கு வந்த சாட்சி

எங்கள் செனட் உணவகத்தில் பீன்ஸ் சூப் இல்லாத நாளே கிடையாது. ஆட்சி மாறும், கட்சி மாறும், சூப் மாறாது. டெஸ் ஹாலரன் என் அறைக் கதவைத் தட்டியபோதும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் செனட்டர் மரியன் கெசெலின் தலைமை உதவியாளன். அந்த இலையுதிர் காலத்தில் அவருக்குத் தேர்தல். நேரம் பார்த்து அதிபர், உச்ச நீதிமன்றத்துக்கு கார்வின் ப்ளெட்சோ என்ற நீதிபதியைப் பரிந்துரைத்தார். செனட் ஒப்புதல் தர வேண்டும். அதற்குள் ஒரு பெண், அவரிடம் வேலை பார்த்த காலத்தில் தன்னை அறைக்குள் பூட்டி அத்துமீறினார் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டாள்.

மரியனின் ஓட்டு இல்லாமல் ப்ளெட்சோ தேற மாட்டார். ஆதரித்தால் புறநகர்ப் பெண்களின் ஓட்டு போய்விடும். எதிர்த்தால் சொந்தக் கட்சிக்காரர்களே கழுத்தைப் பிடிப்பார்கள்.

"ட்வைட், எந்தப் பக்கம் விழுந்தா அடி கம்மி?" என்று கேட்டார் மரியன்.

அந்தப் பெண் சொல்வது உண்மையா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கா எங்களுக்குச் சம்பளம்? ஒரு பெண் என்றால் சமாளித்துவிடலாம். அவள் சொல்கிறாள், இவர் மறுக்கிறார், யார் கண்டது என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆதரித்து ஓட்டுப் போட்டுவிடலாம். இன்னொருத்தி கிளம்பினால்தான் ஆபத்து.

அந்த இன்னொருத்திதான் கதவைத் தட்டினாள். டெஸ் எங்கள் அலுவலகத்து வக்கீல், கெட்டிக்காரி. படித்து முடித்ததும் ப்ளெட்சோவிடம்தான் முதல் வேலை.

"எனக்கும் நடந்திருக்கு ட்வைட். அதே அறை. சாவியைத் திருப்பிக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டார். நான் வெளியில சொல்லப் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

"நல்ல காரியம் பண்ணினே," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

செனட் விசாரணைக்கு முன், பரிந்துரைக்கப்பட்டவரை ஓர் ஒத்திகையில் உட்காரவைப்போம். வக்கீல்கள் எதிர்த்தரப்பாக நடித்து அவரைத் துளைத்தெடுப்பார்கள். வாஷிங்டனில் இதற்குக் கொலைக்குழு என்று பெயர். யாரும் சாவதில்லை, பயப்படாதீர்கள்.

டெஸ்ஸிடம், "கட்சியோட மூத்த வக்கீல்கள் தனியா விசாரிக்கிறாங்க. ப்ளெட்சோவும் இருப்பார், அவர் முகத்துக்கு நேரா சொல்லிடு. மரியன் மனசு மாறணும்னா அதுதான் வழி," என்றேன். வக்கீல்களிடம், "இன்னைக்கு டெஸ்தான் புகார் சொல்ற பொண்ணா நடிக்கிறா," என்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவள் பேசினாள். சாவி வரும் இடத்தில் குரல் உடைந்தது. தண்ணீர் குடிக்கப் போன ப்ளெட்சோ குடிக்காமலேயே கிளாஸைக் கீழே வைத்தார். கழுத்து சிவந்திருந்தது. அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

முடித்ததும் அறையே கைதட்டியது.

"அடேயப்பா, என்னையே அழ வச்சிட்டியேம்மா," என்றார் ஒரு நரைத்த வக்கீல். "டிவியில வந்த பொண்ணுகூட இவ்வளவு நல்லா சொல்லலை."

டெஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சூப் இறங்கவில்லை.

பிறகு அவள் பத்திரிகைகளிடம் போனாள். நிருபர்கள் வக்கீல்களைக் கேட்டார்கள். "அந்தப் பொண்ணா? ஒத்திகையில பிரமாதமா நடிச்சா. அந்த வேஷத்திலிருந்து வெளிய வர முடியல போல, பாவம்," என்றார்கள் அத்தனை பேரும். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். எந்தப் பத்திரிகையும் டெஸ்ஸின் புகாரை அச்சிடவில்லை. இன்று வாஷிங்டனில் டெஸ்ஸுக்கு வேலை கொடுப்பார் யாருமில்லை.

ப்ளெட்சோ தேறினார். மரியனும் ஜெயித்தார்.

அவள் சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்கிறீர்கள். நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. பூட்டிய அறைக்குள் நான் இருக்கவில்லையே. நியாயமான மனிதன் நடுவில்தான் நிற்க முடியும்.

போன மாதம் நீதிபதியே போன் செய்தார்.

"உன் பொண்ணு சட்டம் முடிச்சிட்டாளாமே ட்வைட். நம்மகிட்டயே வேலைக்கு அனுப்பேன்."

சட்டம் படித்த பிள்ளைக்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. நன்றி சொல்லி, அவளுக்கு அலாஸ்காவில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். போனை வைத்த பிறகு, அலாஸ்காவில் அவளுக்கு வேலை தேட ஆரம்பித்தேன்.