இரண்டு பேருக்கு ஒரே கேமரா

ஆம்பூரிலிருந்து காட்பாடி போகும் மாலை ரயிலில், என் எதிர் இருக்கையில் ஷூ கம்பெனித் தையல் பிரிவுப் பெண்கள் இருவர். ஸ்டெல்லா என்பவளின் கையில் சின்ன கேம் பெட்டி. பள்ளங்களைத் தாண்டிக் குதித்துப் போகிற விளையாட்டு. அவள் தோழி ஷபானா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் முன்னாடி போனா அவரு செத்துடறாரு" என்றாள் ஸ்டெல்லா. அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"யாருடி?"

"எங்க வீட்டுக்காரரோட ஆளு, இந்த செவப்பு சட்டை. கேமரா முன்னால போறவங்க கூடவே போய்டுது. பின்னாடி நிக்கிறவன் ஸ்கிரீனை வுட்டு வெளிய போனா காலி."

"அண்ணன் துபாய்ல இல்ல இருக்காரு?"

"அதான் ரெண்டு பேரையும் நானே ஆட்டறேன். என் ஆளு இவளைக் கொஞ்சம், அவரைக் கொஞ்சம்."

"குதிக்கிறப்ப ஏன்டி முழங்காலைத் தூக்கற? இது இன்னா தையல் மிஷினா?"

"நாளெல்லாம் மிஷின்ல தோலை அழுத்தற பாதத்தை முழங்காலாலயே தூக்கித் தூக்கிப் பழக்கம். விரலால அமுக்கணும்னு ஞாபகம் வர்றதுக்குள்ள வுழுந்துடறோம்."

"ஒண்டியா ஆடறதும் இருக்கில்ல?"

"இருக்கு. அதுல கேமரா தொல்லையே இல்ல. ஆனா அவரு ஆளு வராது."

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

"இன்னும் மொத லெவலான்னு போன்ல சிரிக்கிறாரு."

"ஏன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சிரிக்கட்டும் ஷபானா. சிரிக்கிற அன்னிக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் பேசறாரு."