மூன்றாம் தொட்டி

எங்கள் பரோசா பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயினை அவசரமாகக் குடிக்கக் கூடாது, சார்ஜென்ட். கறுப்பாக, கெட்டியாக, மிளகு வாசனையோடு இருக்கும்; முதல் கிளாஸிலேயே உட்கார நாற்காலி தேடவைக்கும். எங்கள் லுத்தரன் பாதிரியாரே மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு கத்தோலிக்கர்களை மன்னித்துவிடுவார்.

முதலாளியம்மா இர்ம்கார்டின் மருமகன் லாக்லனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அடிலெய்டிலிருந்து வந்தவன்.

"ஈவால்ட் அண்ணே, இதக் குடிக்க கிளாஸ் எதுக்கு, ஸ்பூன் குடுங்க," என்பான்.

"தரேன் தம்பி. கூடவே ஒரு பால் பாட்டிலும் தரேன்," என்பேன்.

சிரிப்பான். நல்ல பையன்தான்.

இந்த வருடம் மூன்றாம் தொட்டியில் புளிக்கிற சாற்றில் ரப்பர் குழாயைப் போட்டுத் தண்ணீர் விட்டான். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை ஒயினாக்கினார். எங்கள் ஊரில் அந்த அற்புதம் பின்னோக்கி நடந்தது. அதையும் மன்னித்தேன். பிறகு, மேட்டு நிலத்தில் இருக்கும் நூறு வயதுக் கொடிகளைத் திங்கட்கிழமை புல்டோசர் வைத்துப் பிடுங்கப்போவதாகச் சொன்னான். அந்தக் கொடிகளில்தான் எங்கள் ஒயினின் கறுப்பே இருக்கிறது. முப்பது வருடமாக அவற்றுக்குக் கவாத்து செய்பவன் நான்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தொட்டியின் ஒயினை வடித்துவிட்டோம். அடியில் தங்கும் தோல்சக்கையை ஆள் இறங்கி வாரவேண்டும். சாறு புளிக்கும்போது கிளம்பும் வாயு அங்கே தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதலில் கம்பியில் மெழுகுவர்த்தி கட்டி இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் போய் டீ குடிக்கலாம்.

அன்று இறங்குவது என் முறை.

"அந்த முட்டிய வச்சுக்கிட்டு நீங்க எறங்காதீங்கண்ணே, நான் போறேன்," என்று லாக்லன் பூட்ஸை மாட்டினான். "மெழுகுவத்தி எரியுதா?"

எட்டிப் பார்த்தேன். பாதி ஆழத்திலேயே அணைந்திருந்தது.

"ஜம்முன்னு எரியுது தம்பி. வாட்ச்சக் கழட்டிக் குடு, கறையாயிடும்."

நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினான். அந்த வாட்சிலேயே பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பையன் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினான். செத்தவனைப் பற்றிப் பொய் எழுதுவது பாவம். கொன்றது நான்.

முதலாளியம்மா புல்டோசரை வேண்டாமென்று சொல்லிவிட்டார், கொடிகள் நிற்கின்றன. அந்தத் தொட்டி ஒயினும், தண்ணீர் விட்டதற்கு, மோசமில்லை. ஆறு பாட்டில் பிடித்து, வாட்சோடு சேர்த்து, அவன் மனைவிக்குக் கொடுத்தனுப்பினேன். வாட்சை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

துக்கம் வந்தால் மனிதர்களுக்கு மரியாதைகூட மறந்துபோகிறது.