மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு குமிழ்

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குமிழின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். அது தவறு. பென்னாகரம் தாலுகா ஆபீஸ் எதிரில் இருபத்தாறு ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுப்பவன் நான். எதையும் விவரம் கேட்காமல் வாங்குவதில்லை.

என் மனைவி புஷ்பமேரி பக்கவாதத்தில் படுத்து இரண்டு ஆண்டுகள். தொண்டையில் சளி அடைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகப் படுக்கையோரம் மைக் வைத்து, கூடத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தேன். நான் பாட்டு கேட்பதும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான். அவளோ ஈ உட்கார்ந்தாலும் கூப்பிடுவாள். அவளையும் பாட்டையும் ஒரே அளவில் வைக்க ஒரு குமிழ் தேவைப்பட்டது.

தருமபுரி ரேடியோ கடை சின்னராஜ் கேட்டார்: "லீனியரா, லாக்காங்க?"

"வித்தியாசம் என்னங்க?"

"லீனியர் கடைசி வரைக்கும் சும்மா இருந்துட்டு குபீர்னு எறங்கிரும். லாக்னா ஒரே சீரா எறங்கும். வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது போங்க."

பத்து கிலோ ஓம், லாக் வாங்கினேன். ஒரு காலில் மைக், நடுக்காலில் ஆம்ப்ளிஃபயர், மூன்றாவது காலில் எர்த். பலர் மூன்றாவது காலை விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் சத்தம் முழுதாக அடங்காது.

குமிழில் பத்துக் கோடுகள். வாரம் ஒரு கோடு இறக்கினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மைத்துனி ஆக்சிலியா வந்து மைக்கைச் சோதிப்பாள். சோதிக்கச் சொன்னவனே நான்தான். கோவில் பாடற்குழுவில் அவள் குரல்தான் ஓங்கிய குரல்.

"மாமா, கேக்குதா? இல்ல இண்டூர் வரைக்கும் கத்தட்டா?"

"செவுடனுக்கே கேக்கும்மா."

"பாத்தியா அக்கா, மாமா சரியாத்தான் வச்சிருக்காரு. பயப்படாத."

மூன்றாம் கோடு வரை இறங்கியபோதும் ஆக்சிலியாவின் குரல் தெளிவாகவே கேட்டது. புஷ்பமேரி கூப்பிடுவது கேட்கவில்லை. அவளைப் பேசச் சொல்லி யாரும் சிரமப்படுத்தவில்லை.

சென்ற வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குப் பாட்டு போட்டிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மைக் ஒயர் வந்து சேரும் பெட்டியில், சத்தம் நுழைந்தால் மினுங்கும் பச்சை விளக்கு ஒன்று உண்டு. சத்தம் குமிழை எட்டுமுன்பே அதைத் தாண்டுவதால் அது குமிழுக்குக் கட்டுப்படாது. அது மினுங்கத் தொடங்கியது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு பாட்டுகள் முடிந்தன. மூன்றாவது பாட்டின் நடுவில் விளக்கு நின்றது. மீதிப் பாட்டையும் கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

நேற்று நீங்கள் வாசித்துக் காட்டிய என் வாக்குமூலத்தில், "மனைவி அழைத்தது கேட்டும் போகவில்லை" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
கஸ்பார்