ரிக்கி டல்லாஸ் மண்டபம்

— கல்வெட்டுல ‘ரிக்கி டல்லாஸ், பாடகர், 1945–2023’ன்னு வெட்டியிருக்கீங்க, மேயரம்மா. நான் உங்க முன்னால நிக்கிறேன்.

— மெதுவா பேசுங்க ஐயா. திரைக்கு அந்தப் பக்கம் மண்டபத் திறப்பு விழாவுக்கு முந்நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. பாதிப் பேர் கறுப்பு உடுத்தியிருக்காங்க.

— நான் செத்துட்டேன்னு யார் சொன்னது?

— ரேடியோ.

— ரேடியோல சொன்னாங்களா?

— சொல்லல. ஒரே காலையில உங்க பாட்டு மூணைப் போட்டாங்க, தொடர்ச்சியா. உயிரோட இருக்கிறவருக்கு அந்த மரியாதை கிடைக்குமா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கே நகரசபையைக் கூட்டினோம். ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம். சட்டப்படி தீர்மானம் போட்டோம்.

— ஒரு போன் பண்ணியிருக்கலாமே!

— துக்க வீட்டைத் தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டோம்.

— கேளுங்க. கடைசியில இருக்கிற அந்த 2023-ஐச் சுரண்டிடுங்க. நான் மேடையேறி ‘ஸ்கூட்டர்ல ஏறு செல்லம்’ பாடிட்டுப் போறேன்.

— சட்டப்படி முடியாது. உயிரோட இருக்கிறவர் பேரை இந்த ஊர்ல எதுக்கும் வைக்கிறதில்ல. ஒரு தடவை வச்சோம், ஒரு சைக்கிள் வீரர் பேரை, ரவுண்டானாவுக்கு. அடுத்த மாசமே குடிச்சுட்டு அதே ரவுண்டானாவை எதிர்ப்பக்கமா சுத்தினார்.

— அப்போ நான் உயிரோட இருந்தா?

— மண்டபம் பேராசிரியர் பூலாங்கேவுக்குப் போகும். பட்டியல்ல அடுத்தவர். பீட்ரூட் புழுவைக் கண்டுபிடிச்சவர். தொண்ணூறு வருஷமா ஒழுங்கா செத்துக் கிடக்கார், ஒரு புகாரும் இல்ல.

— புழுக்காரனுக்கா என் மண்டபம்? கேளுங்க, அறுபத்தாறுல மார்சே நகரத்துல பொண்ணுங்க என் சட்டையைப் பிச்சு எடுத்துட்டாங்க. நான் மேஜைவிரிப்பைச் சுத்திக்கிட்டு ரயிலேறினேன்!

— அப்புறம் ஏன் காணாமப் போனீங்க?

— அப்புறம் தாடி வச்சுப் பாடுற காலம் வந்துச்சு. எனக்குத் தாடி முளைக்கல.

— ஐயோ பாவம்.

— பாவம் பாக்காதீங்க. பேச வந்திருக்கிறது யாரு?

— ஸோலாஞ்ச் அம்மா. உங்களோட சேர்ந்து பாடினவங்க.

— ஸோலாஞ்சா! அம்பது வருஷத்துக்கு மேல டிவியில என்ன சொல்லிட்டுத் திரியறா தெரியுமா? பாட்டுக்கு நடுவுல வர்ற ஸ்கூட்டர் சத்தம், அந்த ‘புடுபுடு புர்ர்ர்’, அவ தொண்டையாம்! நான் ஓரமா நின்னு தலை சீவிக்கிட்டு இருந்தேனாம்!

— உங்க தொண்டையா அது?

— என் தொண்டை, என் உதடு, என் எச்சில்! அந்தப் ‘புர்ர்ர்’ இல்லேன்னா அந்த இசைத்தட்டை எவன் வாங்குவான்? மண்டபம் புழுக்காரனுக்கே போகட்டும். அவ மூஞ்சிக்கு முன்னால நின்னு ஒரு ‘புர்ர்ர்’ விடணும். அதுக்குத்தான் நாலு மணி நேரம் பஸ்ல வந்தேன்.

— பல்செட் தாங்குமா ஐயா?

— தாங்கணும். திரையை விலக்குங்க.

— ஒரு நிமிஷம், அவங்க மைக் முன்னால வந்துட்டாங்க.

— “நான் ஸோலாஞ்ச். ஊர்க்காரங்களே, செத்தவன் முன்னால பொய் பேச மனசு வரல. அந்தப் ‘புர்ர்ர்’ என்னோடது இல்ல. இந்த ரிக்கிக் கழுதையோடது.”

— கேட்டீங்களா! மேயரம்மா, கேட்டீங்களா!

— காது கேக்குது ஐயா, கையை விடுங்க.

— “ராத்திரி பகலா முயற்சி பண்ணேன். எனக்கு எச்சில்தான் தெறிச்சுது. அப்படி ஒரு ‘புர்ர்ர்’ பிரான்ஸ்ல ஒருத்தனுக்குத்தான் வந்துச்சு. இப்ப எந்திரிச்சு வந்தான்னா, சொன்னதெல்லாம் வாபஸ்! ஆனா வரமாட்டான். அதனால முழுசா சொல்லிடறேன்.”

— போதுமா ஐயா? திரையை விலக்கறேன், நீங்க போய்ப் பாடுங்க.

— திரைக் கயித்தை விடுங்கம்மா! நான் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.